மூன்றரை அடி வழி

வெங்கிட்டு மாடி எடுத்த வருஷம் பாண்டியராஜுக்கு இரண்டு காலும் இருந்தன. லீவு போட்டுவிட்டு வந்து, சிமெண்ட் மூட்டையைத் தோளில் தூக்கி அண்ணனுக்காக ஏறி இறங்கினான். வீட்டுக்குப் பக்கவாட்டில் படிக்கட்டுக்குப் பலகை அடித்தபோது அதையும் அவன்தான் பிடித்துக்கொடுத்தான்.

மட்டாஞ்சேரியில் அந்தச் சந்துக்குள் ஐந்து செண்டு இடம், அவர்களுடைய அப்பா சங்கிலிப்பாண்டி வாங்கிப்போட்டது. தென்காசிப் பக்கத்திலிருந்து மலையாள நாட்டுக்கு வந்து, முப்பது வருஷம் இந்த ஊர்ச் சாக்கடைகளை அள்ளியவர். வேலையில் இருக்கும்போதே செத்துப்போனார். வாரிசு வேலை இளையவன் பாண்டியராஜுக்குக் கிடைத்தது. மூத்தவன் வெங்கிட்டு அதற்கு முன்பே ஏலூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். "சர்க்கார் வேலை உனக்கு வந்திருச்சுல்ல, ரோட்டைப் பார்த்த இடம் எனக்கு இருக்கட்டும்" என்றான். பாண்டியராஜ் மறுபேச்சுப் பேசவில்லை. முன்பாதி அண்ணனுக்கு, பின்பாதி தம்பிக்கு. பின்வீட்டுக்குப் போக, அண்ணன் வீட்டை ஒட்டி மூன்றரை அடி வழி. ஆதாரப் பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. வழியின் மறுபக்கத்தில் சிகாபுதீன் வீட்டு அடுக்களைச் சுவர். அதை யாரும் தள்ளிவைக்க முடியாது.

ஊரில் பாதி வீடு ஹோம்ஸ்டே ஆகிக்கொண்டிருந்த நேரம் அது. வெங்கிட்டுவும் மாடியில் இரண்டு அறை கட்டினான். வருகிறவர்கள் வீட்டுக்குள்ளே புகுந்து ஏறக்கூடாது என்பதற்காக, படியை வெளியே, அந்த வழிக்குள் இறக்கினான்.

"ஒரு ஆள் நடந்து போக இடம் இருந்தாப் போதும்லடா?" என்று கேட்டான் தம்பியிடம்.

"போதும்ணே" என்றான் பாண்டியராஜ்.

அன்றைக்கு அவன் மனைவி காளியம்மைதான் சண்டை போட்டாள். "நாளைக்கு ஒரு கட்டில், பீரோ உள்ள கொண்டு வரணும்னா எந்த வழியா வரும்?"

"கழட்டிக் கொண்டுவந்து மாட்டுவோம். அவன் என் அண்ணன்டி. ஊர்க்காரன் மாதிரிப் பேசாதே."

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் அந்தப் படியைப் பற்றிப் பேச்சில்லை. பின்வீட்டுக்காரர்கள் மூவரும், காளியம்மை, பாண்டியராஜ், மகள் மஞ்சுஷா, படிக்கட்டு வந்ததும் தோளைச் சாய்த்துக்கொண்டு நடக்கப் பழகிவிட்டார்கள். மழைக்காலத்தில் குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே அந்த நாலு எட்டைக் கடப்பார்கள். அக்கரையில் பிராட்வே கடைத்தெருவில் பாத்திரக்கடை வேலை முடிந்து படகு பிடித்து வரும் காளியம்மை, கையில் சாமான் இருந்தால் பையைத் தலையில் வைத்துக்கொள்வாள். அவ்வளவுதான்.

சாக்கடைக்குள் இறங்கியபோது பாண்டியராஜின் வலது காலில் கண்ணாடி கிழித்தது. சின்னக் காயம். ஆனால் சர்க்கரை உடம்பு. இரண்டு மாதத்தில் பாதம் கறுத்துவிட்டது. முட்டிக்குக் கீழே எடுக்கவேண்டி வந்தது. அந்த ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே சிறுநீரகமும் பழுது என்று தெரிந்தது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்றார்கள். மஞ்சுஷா கலூரில் ஒரு லேபில் வேலை பார்த்தாள். அவள் தெரிந்தவர்களிடம் பேசி, நோயாளிகளுக்கு இரவல் கொடுக்கும் ஒரு இடத்திலிருந்து சக்கர நாற்காலி ஒன்று வாங்கிவந்தாள்.

நாற்காலி படிக்கட்டுவரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. மஞ்சுஷா வீட்டுக்குப் போய்த் தையல் டேப்பை எடுத்துவந்து அளந்தாள். நாற்காலி இருபத்தைந்து அங்குலம். படிக்கட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருபத்தொன்று.

"நாலு அங்குலம் அம்மா" என்றாள்.

நாற்காலியைச் சிகாபுதீன் வீட்டு முற்றத்தில் மடக்கி வைத்தார்கள். அது அங்கேயே இருந்தது.

ஊன்றுகோல் வைத்து நடந்து பார்த்தான் பாண்டியராஜ். மூன்றாவது நாளே படிமுனையில் கோல் தட்டி விழுந்தான். கனத்த உடம்பு. அதன்பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். முன்னால் ஆட்டோ ஓட்டும் சிஜு, பின்னால் சிகாபுதீன். படிக்கட்டுக்குப் பக்கத்தில் வரும்போது நாற்காலியைச் சாய்த்துத் தலைக்கு மேலே உயர்த்தவேண்டும். பாண்டியராஜ் கண்ணை மூடிக்கொள்வான். அறுபது வயதில் சிகாபுதீனுக்கு மூச்சு இரைக்கும். ஒருநாளும் வரமாட்டேன் என்று அவர் சொன்னதில்லை. அவர் மனைவி ஜுமைலா மட்டும் அடுக்களை ஜன்னலில் நின்று, "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காளியம்மை முன்வீட்டுக்குப் போனாள். வெங்கிட்டு பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி கமலாக்ஷி மாடி விருந்தாளிகளின் படுக்கை விரிப்பை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அத்தான், அந்தக் கடைசி ஆறு படி மட்டும் திருப்பிக் கட்டுனா போதும். முன்பக்கமா இறக்கிரலாம். சிஜு ஒரு மேஸ்திரியைக் கூட்டிவந்து காட்டிட்டான். முடியும்னு சொல்றாரு."

"முன்பக்கமா இறக்குனா கார் நிக்கிற இடம் போயிரும், காளி."

"அவரைத் தூக்கிட்டுப் போறதப் பார்க்கிறீங்கல்ல."

"பார்க்காம என்ன. என் கூடப் பிறந்தவன்தானே அவனும். என் மனசு எனக்குத்தான் தெரியும்." வெங்கிட்டு பேப்பரை மடித்தான். "படியில கை வச்சா மாடியே இறங்கிரும்னு இஞ்சினியர் சொல்லியிருக்கார். கட்டும்போது அவனும்தானே சம்மதிச்சான். கேட்டுப் பாரு."

கேட்கவேண்டியதில்லை. அந்தச் சம்மதத்தைச் சொன்ன வாயை அவள் தினமும் துடைத்துவிடுகிறாள்.

சந்துக்காரர்களின் அசோசியேஷனில் எழுந்து சொன்னாள். இருபத்திரண்டு வீடு. பாதிப்பேர் மலையாளிகள், மற்றவர்கள் தமிழ், கொங்கணி, குஜராத்தி. எல்லாரும் பாண்டியராஜைத் தெரிந்தவர்கள். சாக்கடை அடைத்தால் ஆபீசுக்குப் போன் போடுவதற்கு முன்னால் அவன் வீட்டுக்கு வந்து கூப்பிடுவார்கள். அவனும் ஞாயிறென்று பார்க்காமல் இறங்குவான். செக்ரட்டரி சாய்கிருஷ்ணா பொறுமையாகக் கேட்டார். பிறகு மலையாளத்தில், "இது அண்ணன் தம்பி விஷயம் சேச்சி. குடும்பக் காரியத்தில் அசோசியேஷன் தலையிட்டால் நாளைக்கு எல்லா வீட்டுக்குள்ளும் நுழையவேண்டி வரும்" என்றார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அடுத்ததாகத் தெருவிளக்கு விஷயத்துக்குப் போனார்கள்.

அன்று மாலை மஞ்சுஷா ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத வராது. மலையாளத்தில் அம்மா பெயரில் ஒரு மனு எழுதி, ஆதாரப் பத்திரத்தின் நகலும் அளவும் சேர்த்து வைத்தாள். கட்டட விவகாரம் பார்க்கும் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்து, ரசீதும் வாங்கி வந்தாள். பாண்டியராஜுக்கு அது தெரிந்ததும் கோபம் வந்தது.

"அண்ணன் மேல கம்ப்ளெயிண்டா? அப்பா இருந்தா உங்களை வீட்டுக்குள்ள விட்டிருப்பாரா?"

"உங்க அப்பா இருந்தா அந்தப் படி இருந்திருக்காது" என்றாள் காளியம்மை.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

சில வாரம் கழித்து வெங்கிட்டு பின்வீட்டுக்கு வந்தான். அந்த வீட்டுக்கு அவன் வந்து வெகுநாளாகியிருந்தது. நோட்டீஸ் வந்ததைப் பற்றித்தான் பேசப்போகிறான் என்று காளியம்மை நினைத்தாள். அவன் அதைப்பற்றி வாயைத் திறக்கவில்லை. தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்து, சர்க்கரை எவ்வளவு, சாப்பாடு இறங்குகிறதா என்றெல்லாம் விசாரித்தான். எழுந்திருக்கும்போது சொன்னான்.

"உன்னைத் தூக்கிட்டுப் போறது எட்டரை மணிக்கு. கெஸ்டுங்க அப்பத்தான் காலைச் சாப்பாட்டுக்குக் கீழ இறங்குறாங்க. படியிலயே நின்னு பார்க்கிறாங்க. நேத்து ஒரு அம்மா அழுதிருச்சு. ஏழு மணிக்கு முன்னால போயிட்டா உனக்கும் நல்லது, ஆஸ்பத்திரில கூட்டமும் இருக்காது."

"சரிண்ணே" என்றான் பாண்டியராஜ்.

ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கொடுத்திருந்த முறை ஒன்பதரைக்கு. ஏழு மணிக்குப் போனால் இரண்டு மணிநேரத்துக்கு மேல் வராந்தாவில் காத்திருக்கவேண்டும். சிஜுவுக்குக் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஓட்டம். ஆனாலும் அடுத்த முறை ஆறரைக்கே கிளம்பினார்கள். மழை பெய்திருந்தது. படிமுனையில் சிகாபுதீனுக்குக் கால் வழுக்கி, நாற்காலி சுவரில் இடித்துச் சரிந்தது. பாண்டியராஜ் விழவில்லை. சிஜு தாங்கிவிட்டான். முழங்கையில் மட்டும் தோல் உரிந்தது. மாடியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வேகமாக இறங்கிவந்து ஒருபக்கம் பிடித்தார். தெருவரை தூக்கிவந்துவிட்டு, பாண்டியராஜைப் பார்த்துக் கைகூப்பினார்.

அன்று திரும்பி வந்தபிறகு பாண்டியராஜ், "இனிமே நான் போகல" என்றான். மிரட்டலாகச் சொல்லவில்லை. சாப்பாடு போதும் என்பதுபோலச் சொன்னான். காளியம்மை கெஞ்சினாள், திட்டினாள். மஞ்சுஷா டாக்டரிடம் போனில் பேசவைத்தாள். புதன் போனது, வெள்ளி போனது. திங்கட்கிழமை காலை மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸ் சந்து முனைக்கு வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சர் படிக்கட்டைத் தாண்டவில்லை. போர்வையில் வைத்து நாலுபேர் தூக்கினார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். இரண்டு டயாலிசிஸ் விட்டதுதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். படிக்கட்டு கொன்றது என்று காளியம்மையால் எங்கேயும் போய்ச் சொல்லமுடியாது. அவளே பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அவனாகத்தான் போகமாட்டேன் என்றான்.

உடல் வந்தபோது கண்ணாடிப் பெட்டியும் வந்தது. பெட்டி உள்ளே போகாது என்பதை யாரும் அளந்து பார்க்கவேண்டியிருக்கவில்லை. "என் வீட்டு முற்றத்துல வைங்க" என்றான் வெங்கிட்டு. காரை எடுத்து வெளியே விட்டான். தார்ப்பாய் கட்டினான், நாற்காலி போட்டான், வந்தவர்களுக்கெல்லாம் பால் விடாத கட்டன்சாயா கொடுத்தான். மாடி விருந்தாளிகளை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டான். கமலாக்ஷி காளியம்மையைக் கட்டிக்கொண்டு அழுதாள். மயானம்வரை வெங்கிட்டு வெறுங்காலோடு நடந்தான். ஆண்பிள்ளை இல்லாத தம்பிக்கு அவனே கொள்ளி வைத்தான். மஞ்சுஷா பெண்பிள்ளை என்பதால் அவளை யாரும் கேட்கவில்லை.

பாண்டியராஜ் தன் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. முப்பதடி தூரத்தில், அண்ணன் கார் நிற்கும் இடத்தில் கிடந்து, அங்கிருந்தே போனான்.

"இந்தக் காலத்துல ஒரு அண்ணன் இப்படி எடுத்துச் செய்வானா" என்று சந்து முழுக்கப் பேசியது. சாய்கிருஷ்ணா அசோசியேஷன் பெயரில் ஒரு இரங்கல் போஸ்டர் ஒட்டினார். அதில் இறந்தவனின் படத்துக்குக் கீழே, துக்கத்தோடு, சகோதரன் வெங்கிட்டுவும் குடும்பத்தாரும் என்று இருந்தது. அந்தப் போஸ்டர் மழையில் கரைகிறவரை காளியம்மை அதைத் தாண்டித்தான் படகுத்துறைக்குப் போனாள்.

மூன்றாவது மாதம் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. படிக்கட்டு வழியில் கட்டப்பட்டிருப்பது உறுதியாகிவிட்டது, எடுக்கவேண்டும், மனுதாரர் கடைசி விசாரணைக்கு வரவேண்டும். இவ்வளவு நாள் ஏன் என்று மஞ்சுஷா விசாரித்தபோது, எதிர்தரப்பு இரண்டுமுறை அவகாசம் கேட்டிருப்பதாகச் சொல்லி, அந்தக் கடிதங்களைக் காட்டினார்கள். அவள் அங்கேயே நின்று வாசித்தாள். முதல் கடிதத்தில், தம்பிக்கு உடம்பு சரியில்லை, கூட இருந்து கவனிக்கவேண்டியிருக்கிறது. இரண்டாவதில், தம்பி இறந்துவிட்டான், சடங்குகள் பாக்கி.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். காளியம்மை அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்து முடித்து, அடுப்பில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"ரெண்டுக்கும் அவரையே வச்சுக்கிட்டானா" என்றாள்.

விசாரணைக்கு முந்தின ஞாயிறு, சாய்கிருஷ்ணாவும் இன்னும் இரண்டு பேரும் பின்வீட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொருவராகப் பக்கவாட்டில் நடந்து வந்தார்கள். சாய்கிருஷ்ணாவின் சட்டையில் வயிற்றுப் பக்கம் சுண்ணாம்பு அப்பியிருந்தது. காளியம்மை அவர்களை உட்காரவைத்துச் சாயா போட்டுக் கொடுத்தாள்.

"வெங்கிட்டு எங்களை அனுப்பவில்லை, நாங்களாகத்தான் வந்தோம்" என்று சாய்கிருஷ்ணா ஆரம்பித்தார். "சேச்சி தப்பாக நினைக்கக்கூடாது. ஆளே போய்விட்டார். இனி அந்தப் படி இருந்தால் என்ன, போனால் என்ன? மனுவை வாபஸ் வாங்கினால் அந்த மனுஷனின் பிழைப்பு நிற்கும். சாவுக்கு அவர் எப்படிச் செய்தார் என்று நாங்கள் எல்லாம் பார்த்தோம்."

"நானும் பார்த்தேன்" என்றாள் காளியம்மை.

"ஒரே ரத்தம். ஒரே காம்பவுண்டு. விரோதம் வைத்து எதற்கு?"

"மீட்டிங்ல நான் எழுந்து சொன்னப்ப இது குடும்பக் காரியம்னு சொன்னீங்க. இன்னைக்கும் குடும்பக் காரியம்தான் சார். சாயா ஆறுது, குடிங்க."

குடித்துவிட்டுப் போனார்கள். போகும்போதும் பக்கவாட்டில்தான் போனார்கள்.

மறுநாள் ஜுமைலா வந்தாள். அவள் சொல்வதைக் கேட்கத்தான் காளியம்மைக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அந்த வீட்டுக்காரர் தோளில் பாண்டியராஜ் எட்டு மாதம் போயிருக்கிறான்.

"உன் மேல தப்புன்னு நான் சொல்லமாட்டேன், காளி. ஆனா நாளைக்கு மஞ்சுஷாவுக்கு ஒரு கல்யாணம்னு வந்தா, அப்பன் இடத்துல யார் நிக்கிறது? பெரியப்பன்தானே. அதை நினைச்சு விட்டுக்கொடுத்திரு."

"இத்தா, உங்க வீட்டு இக்கா அன்னைக்கு வழுக்குனது நினைவிருக்கா?"

"இருக்கு. இப்பவும் இடுப்பு வலிக்குதுன்னுதான் சொல்றாரு. அதுக்கு என்ன செய்யச் சொல்றே?"

ஜுமைலா கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள். அதற்குப் பிறகு அவள் வருவது குறைந்தது. அடுக்களை ஜன்னலில் பார்த்தால் சிரிப்பாள், அவ்வளவுதான்.

விசாரணையில் காளியம்மை ஒரே வார்த்தைதான் சொன்னாள். வாபஸ் இல்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெங்கிட்டு அவளைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும் கமலாக்ஷி வழியை மறித்து நின்றாள்.

"யாருக்கு இந்த வழி? நீ ஒருத்தி நடக்கிறதுக்கா?"

"ஆமாக்கா. நான் நடக்கத்தான்."

ஒரு வியாழக்கிழமை காலை ஆட்கள் வந்தார்கள். டிரில் போட்டு உடைக்க மூன்று மணிநேரம் ஆனது. மாடி இறங்கவில்லை. ஒரு விரிசல்கூட விழவில்லை. இடிபாடுகளை அள்ளிக்கொண்டு போனபின் வழி நீளமாகக் கிடந்தது. காளியம்மை அன்று வேலைக்குப் போகாமல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. பாண்டியராஜ் மேல்தான் கோபம் வந்தது. போதும்ணே, சரிண்ணே என்று இரண்டே வார்த்தையில் தன் வாழ்க்கையை முடித்துக்கொண்டு போனவன். அவன் இருந்தால் இன்றைக்கும் அந்த இடிபாடுகளை அள்ள அண்ணனுக்குக் கைகொடுத்திருப்பான் என்று தோன்றியது.

சுவரிலிருந்து படிக்கட்டின் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. முழங்கை உயரத்திலிருந்து தலை உயரம்வரை, பதினோரு கம்பிகள். ஒவ்வொன்றும் ஒரு சாண், ஒன்றரைச் சாண். படியை எடுக்கத்தான் உத்தரவு, சுவரில் கை வைக்க உத்தரவில்லை என்று ஆட்கள் போய்விட்டார்கள். வெங்கிட்டு அவற்றை வெட்டவில்லை. ஒரு வாரம் ஆனது, இரண்டு வாரம் ஆனது. மஞ்சுஷாவின் சுடிதார் ஒருநாள் மாட்டிக் கிழிந்தது. மறுபடியும் தோளைச் சாய்த்து நடக்க ஆரம்பித்தார்கள்.

மூன்றாவது ஞாயிறு காலையில் காளியம்மை சிஜுவிடமிருந்து இரும்பு அறுக்கிற ரம்பமும் நாலு பிளேடும் வாங்கிவந்தாள். தான் அறுத்துத் தருவதாக அவன் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். ஸ்டூலைப் போட்டு ஏறினாள். முதல் கம்பிக்கு இருபது நிமிஷம் ஆனது. சத்தம் சந்து முழுக்கக் கேட்டிருக்கும். சாய்கிருஷ்ணா பால் வாங்கிக்கொண்டு தெருவில் போனார், திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார். ஜுமைலாவின் அடுக்களை ஜன்னல் சாத்திக்கொண்டது, இரும்புத்தூள் உள்ளே வரும் என்பதால் இருக்கலாம்.

ஐந்தாவது கம்பியில் இருக்கும்போது அவள் தலைக்கு மேலே ஜன்னல் திறந்தது. வெங்கிட்டு எட்டிப் பார்த்தான்.

"விட்ரு காளி. நாளைக்கு நான் ஆளை வச்சு வெட்டிடறேன்."

அவள் நிமிரவில்லை. பிளேடு சூடாகியிருந்தது. சேலைத் தலைப்பை நனைத்து அதன்மேல் வைத்து எடுத்துவிட்டு, மறுபடி அறுக்க ஆரம்பித்தாள். வெங்கிட்டு ஜன்னல் கதவை இழுத்துக்கொண்டான்.

மதியச் சோற்றுக்கு மஞ்சுஷா வந்து கூப்பிட்டபோது இன்னும் மூன்று கம்பி பாக்கி இருந்தது. "முடிச்சிட்டு வர்றேன், நீ சாப்பிடு" என்றாள் காளியம்மை.